மாஸ்டர் எடுத்துக் கொடுத்த நோன்பு

மாமல்லபுரத்தில் என் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். காலையில் காபியைக் கையில் வாங்கும்போது கைப்பேசி அடித்தது. பேசியது பக்கத்து வீட்டு மாஸ்டரின் மகள் அமுதா. "டீச்சர், அப்பா நம்மள உட்டுட்டுப் பூட்டாரு" என்றாள். சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வரும் பஸ்ஸில் ஏறினேன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற கூட்டம். எல்லோர் கையிலும் பை, எல்லோர் வாயிலும் சிரிப்பு. எனக்கு அத்தனை பேர் மேலும் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மருமகளுக்கு முதல் நாளே எடுத்த புடவையைப் பிரித்துக் காட்டி, கலர் எப்படி என்று கேட்டாள். நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டேன். நல்ல கலர்தான், பாவம்.

முதல் நாள் மழையில் அவர் வீட்டு அவரைப் பந்தல் சாய்ந்திருக்கிறது. விடிந்ததும் கொம்பு நட ஆரம்பித்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது என்று கிணற்றடியில் உட்கார்ந்தவருக்கு எதிர் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கால் விரல் இடுக்கில் மண் அப்படியே இருந்தது.

ஏரிக்கரைக் குடியிருப்பில் பல வருஷமாக இருக்கிற உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பெயர் ஏகாம்பரம். ஆண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊருக்கே மாஸ்டர். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தனியாள். அவர் வீட்டுத் தோட்டத்துக்கும் என் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் பேசியதில் முக்கால்வாசி அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான்.

அவர் கத்திரி நாற்று நடுவதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஒரு நாற்றை நட்டுவிட்டு எழுந்து நின்றார். கையை நேராக நீட்டினார். விரல் நுனி எங்கே வருகிறதோ, அங்கே அடுத்த நாற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது செய்யச் சொல்வார்களே, அதேதான். மாஸ்டர், கத்திரிக்காய் மார்ச் பாஸ்ட் போகப் போகிறதா என்று கேட்டேன். "வரிசை சரியா இருந்தா வெயிலு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வுழும் டீச்சர்" என்றார். அந்த வருஷம் அவருக்குக் காய்த்த மாதிரி எனக்குக் காய்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டம் உண்மையில் அவர் மனைவி கஸ்தூரியுடையது. வெற்றிலைக் கொடி, மஞ்சள், டிசம்பர் பூச்செடி எல்லாம் அவள் வைத்தவை. கஸ்தூரி தொண்ணூறுகளின் நடுவில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனாள். அமுதா அப்போது ஐந்தாம் வகுப்பு. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நோம்ப மட்டும் உட்டுறாதீங்க. எம் பொண்ணு கைல கயிறு இருக்கணும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று அந்த மனிதருக்கு அப்போது தெரிந்திருக்காது.

தீபாவளி அமாவாசையில் கௌரி நோன்பு எடுக்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அதிரசம் சுட்டு, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைத்துப் படைத்துக் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். அது வருஷா வருஷம் விடாமல் நடக்க வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் நோன்பு கிடையாது. அப்படி ஒருமுறை விட்டுப்போனால் தாமாகத் திரும்ப ஆரம்பிக்கவும் முடியாது. நோன்பு விடாமல் இருக்கிற இன்னொரு வீட்டார் வந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நோன்பு கிடையாது. விடியற்காலை எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு, அதோடு எங்கள் தீபாவளி முடிந்தது. அதனால் இதெல்லாம் எனக்கு அந்தச் சுவரோரம் நின்று கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கதிதான்.

கஸ்தூரி போன வருஷம் நோன்பு நின்றது. எடுத்துக் கொடுக்க வேண்டியவர் மாஸ்டரின் மூத்த அக்கா. சதுரங்கப்பட்டினத்தில் வாக்கப்பட்டவர். அந்த அம்மாவின் வாய்க்குப் பயந்து நம் தெரு நாயும் ஒதுங்கிப் போகும், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருஷம் ஆவணியில் மாஸ்டர் போய்க் கேட்டபோது அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். பொம்பளை இல்லாத வீட்டில் யார் மடியாக இருந்து அதிரசம் சுடுவது, கடையில் வாங்கிப் படைக்கிற நோன்பு நோன்பா, பெண் நாளைக்குக் கட்டிக்கொண்டு போகிற வீட்டில் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்றார். அக்கா வேண்டாம் என்றதை வேறு யாரும் எடுத்துக் கொடுக்க முன்வரவில்லை. மாஸ்டர் இரண்டு முறை பஸ் ஏறிப் போனார். மூன்றாவது முறை போனபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டு அனுப்பினார். அவரே அதிரசம் சுட வேண்டும், ஒன்றுகூட உடையவோ பிரியவோ கூடாது, அப்படி வந்தால் கயிறு கட்டுகிறேன், வராவிட்டால் சாமிக்கே இஷ்டமில்லை என்று அர்த்தம், பேச்சை விட்டுவிட வேண்டும்.

சமையல் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கஸ்தூரி போன ஒரு வருஷத்தில் சோறு, குழம்பு எல்லாம் பழகிவிட்டார். பெண்ணுக்குத் தலை பின்னவும் பழகியிருந்தார். ஆரம்பத்தில் அவர் பின்னுகிற இரட்டைப் பின்னலில் அந்தப் பிள்ளையின் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். பாவம், கண்ணை மூட விடுங்கள் மாஸ்டர் என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன். கார்த்திகையில் டிசம்பர் பூ பூக்க ஆரம்பித்ததும், பஸ் நிலையத்தில் பூக்கட்டுகிற அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நார் முடியக் கற்றுக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் விசில் அடித்தால் பையன்களில் ஒன்றுக்குப் போகிறவன்கூட நின்றுவிடுவான். அந்த மனிதர் கால் கட்டைவிரலில் வாழைநாரை மாட்டிக்கொண்டு ஊதாப் பூவாகத் தொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறபோது எனக்குச் சிரிக்கத் தோன்றாது. உள்ளே போய்விடுவேன்.

ஆனால் அதிரசம் வேறு சமாசாரம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்து, வெல்லப்பாகில் கிளற வேண்டும். பாகு கொஞ்சம் இளகினாலும் எண்ணெயில் போட்டதும் பிரிந்து தூளாகும். கொஞ்சம் முறுகினாலும் கல். புரட்டாசி ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் பழகினார். உதவிக்கு என்னைக் கூப்பிட்டார். எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது. நான் நின்றது தைரியத்துக்கு.

அவருடைய முறை என்ன தெரியுமா? ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருக்கிற ஸ்டாப் வாட்ச். எதிர் வீட்டு அம்மாளிடம் பாகு பதம் வர எவ்வளவு நேரம் என்று கேட்டு, வெல்லம் கொதித்ததும் பொத்தானை அமுக்கினார். நேரம் ஆனதும் விசில் அடிக்காத குறைதான், மாவைக் கொட்டச் சொன்னார். அதிரசம் எண்ணெயில் போய்க் கரைந்தது. அடுத்த ஞாயிறு நேரத்தைக் கூட்டினார். அமுதா அதைக் கடிக்கப் பார்த்துவிட்டுத் தரையில் தட்டிக் காட்டினாள். மாஸ்டர், ஒவ்வொரு வெல்லத்துக்கும் ஒரு குணம், அது உங்கள் கடிகாரத்தைப் பார்க்காது என்றேன். "அப்போ இன்னாத்த பாக்கறது டீச்சர்?" என்று பரிதாபமாகக் கேட்டார். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு, அதை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும் என்று தெருவில் நாலு பேரைக் கேட்டு வந்து சொன்னேன். உருட்டி உருட்டி அவர் விரல் நுனியெல்லாம் கொப்புளம். புரட்டாசி முடிகிறபோது பதம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கடிகாரம் மறுபடி மைதானத்துக்குப் போனது.

தீபாவளிக்கு முன்னால் மாவு மில்லில் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் மிளகாய் அரைக்கிற மிஷின் கெட்டுப்போய், ஒரே மிஷினில்தான் எல்லாம். அரிசியெல்லாம் முடிந்த பிறகுதான் மிளகாய் என்று மில்காரர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரே தள்ளுமுள்ளு. மாஸ்டருக்குத் தாங்குமா? நோன்பு அரிசி, முறுக்கு அரிசி, மிளகாய் என்று மூன்று வரிசை நிறுத்தி, தானே முன்னால் நின்று நடத்தினார். மிளகாய் வரிசையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண். வீங்கின காலோடு நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் அவளைக் கூப்பிட்டுத் தன் இடத்தில் நிறுத்தினார். அவளுக்கு அரைத்து முடித்ததும் அடுத்தது இவருடைய அரிசி. மில்காரர் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி மிஷினைச் சுத்தம் பண்ணினாராம். ஒரு பிடியில் போகிற மிளகாயா அது?

நிறத்தில் தெரியவில்லை, வெல்லம் மூடிவிட்டது. வாசனையில் தெரியவில்லை, ஏலக்காயும் சுக்கும் போட்டிருந்தது. நோன்புப் பண்டத்தைப் படைப்பதற்கு முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பதால் ருசி பார்க்கவும் வழியில்லை. தட்டித் தட்டிப் போட்டார். ஒன்றுகூடப் பிரியவில்லை. அமுதா சுவர் வழியாக ஓடிவந்து, டீச்சர், எல்லாம் முழுசு முழுசா வந்துகினு கீது என்று கத்திவிட்டுப் போனாள்.

அக்கா மத்தியானமே வந்து இறங்கினார். வந்ததும் முறத்தைக் கேட்டார். அதிரசங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். விளிம்பைத் தடவிப் பார்த்தார். மாஸ்டர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். கடைசி ஒன்றையும் அக்கா தட்டிப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்து, சாமியாக வைக்க அம்மிக் குழவி எங்கே, கழுவி மஞ்சள் பூசு என்றார். மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

படையல் முடிந்தது. அமுதாவின் கையில் அக்கா கயிறு கட்டினார். தெருவிலிருந்து வந்த பெண்களுக்கெல்லாம் மாஸ்டரே தட்டோடு வந்து ஆளுக்கொரு அதிரசம் கொடுத்தார். எல்லோரும் கடித்தோம். முதலில் நாக்கு நுனி சுரீர் என்றது. அப்புறம் தொண்டை. நான் பக்கத்தில் பார்த்தேன். எதிர் வீட்டு அம்மாள் மென்றுகொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுக்கு கொஞ்சம் தூக்கலோ மாஸ்டர், வாசனையாக இருக்கிறது என்று யாரோ சமாளித்தார்கள். தாயில்லாத வீட்டு நோன்பு. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஆனால் அமுதா குழந்தை அல்லவா?

"அப்பா, காரமா கீது" என்றாள்.

அவர் தன் கையில் இருந்ததைக் கடித்தார். மெல்லாமல் அப்படியே நின்றார். மீதியைத் தட்டில் வைத்தார். மில்லில் நடந்தது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். முகம் செத்துவிட்டது. "நான் செஞ்சது சாமிக்கு ஆவலபோல கீதுக்கா" என்றார்.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மிளகாயா வேறு எதாவதா என்று என்னால் சொல்ல முடியாது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மொதல்ல துன்னது யாரு? சாமியா, நீயா?"

"சாமிதான்."

"அது எதனா சொல்லிச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் நீ இன்னாடா பேசற? எனக்கு இன்னொண்ணு குடு."

இன்னொன்றையும் முழுசாகத் தின்றார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். மிச்சத்தில் பாதியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சதுரங்கப்பட்டினத்தில் தன் தெருவுக்கே கொடுத்து, என் தம்பி சுட்டது என்று சொன்னாராம். அந்த நாளுக்குப் பிறகு அந்த அம்மாவை ஒரு வார்த்தை குறைவாகப் பேச நான் யாரையும் விட்டதில்லை.

அதற்கப்புறம் வந்த தீபாவளிகளில் மாஸ்டர் வீட்டு அதிரசத்துக்கு நம் தெருவில் எவ்வளவு கிராக்கி என்று உங்களுக்கே தெரியும். கார்த்திகையில் அவர் பிள்ளைகளுக்கு மாவளி கட்டிக் கொடுத்ததும் மறந்திருக்காது. பனம்பூவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். தோட்டத்தில் குழி வெட்டிக் கருக்கி, இடித்துத் துணியில் பொட்டலம் கட்டி, பனமட்டையில் செருகிக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுற்றினால் தெருவே பொறியாகக் கொட்டும். சுண்ணாம்பில் வட்டம் போட்டு, அதற்குள் சுற்றுகிறவனைத் தவிர யாரும் வரக் கூடாது என்று சட்டம். அப்படியும் ஒரு பொறி என் கொடியில் கிடந்த மெல்லிய வாயில் புடவையில் விழுந்து ஓட்டை போட்டது. நான் ஒரு மூச்சு கத்தினேன். மறுநாள் புடவையை வாங்கிக்கொண்டு போய்த் தானே இழை ஓட்டிக் கொண்டுவந்தார். புடவை பச்சை, நூல் நீலம். பச்சை நூல் தீர்ந்துவிட்டதாம். அந்தப் புடவையை நான் இன்னும் வீட்டில் கட்டுகிறேன்.

அவர் பெண்சாதி இல்லாதவர், நான் கல்யாணம் ஆகாதவள். நம் தெருவில் சிலர் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். பேசினவர்கள் இதைப் படிப்பார்கள் என்றும் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் யாருக்கும் பயப்படாமல் உங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிருப்பேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறார், மழை வந்தால் முதலில் அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்கத் தோன்றும் என்பது சின்ன விஷயமில்லை. அதற்குப் பெயர் வைக்க எங்கள் இருவருக்கும் தேவைப்படவில்லை.

அமுதா படித்து, நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய், அங்கேயே உடன் வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மாமியார், நல்ல வீடு. ஆனால் அந்த வீட்டில் நோன்பு வழக்கம் கிடையாது. இல்லாத வழக்கத்தைப் புதிதாகக் கொண்டுவர வேண்டாம் என்று அவர்கள் மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். தீபாவளியன்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஸ்கூட்டரில் இங்கே வந்து, அப்பா வீட்டில் கயிறு கட்டிக்கொண்டு போவார்கள். மாஸ்டர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். ஆனால் அவருக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டார்.

அப்படி ஒரு வருஷம் ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால் கஸ்தூரி வைத்த வெற்றிலைக் கொடி வேரோடு அழுகிவிட்டிருந்தது. மாஸ்டர் அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். என் பக்கம் கொஞ்சம் மேடு. எப்போதோ அவர் கிள்ளிக் கொடுத்த கொடி என் வேப்பமரத்தில் ஏறி நன்றாக இருந்தது. அதிலிருந்து ஒரு முழம் வெட்டிச் சுவருக்கு மேலாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நட்டார். தண்ணீர் விட்டார். கையைக் கழுவிக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக அவர் வந்தது அன்றைக்குத்தான் முதல்முறை.

"டீச்சர், இந்தத் தீவாளிக்கு நீங்க நோம்பு எடுத்துக்கணும். நான் குடுக்கறேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கன்னிப் பெண்கள் நல்ல புருஷன் வேண்டி எடுக்கிற நோன்பு, ஓய்வு பெறப் போகிற வயதில் எனக்கு யாரைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சதுரங்கப்பட்டினத்து அக்கா அப்போது உயிரோடு இருந்தார். விஷயம் தெரிந்ததும் கிளம்பி வந்துவிட்டார். சொந்தமா, பந்தமா, நம் சாதியா, இதென்ன கூத்து என்று என் எதிரிலேயே கேட்டார். மாஸ்டர் அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதுவும் குரலை உயர்த்தாமல்.

"ஒரே எடத்துல ஒரே கொடிய வெச்சிகினு இருந்தா வெள்ளத்துல பூடுதுக்கா. பக்கத்துல ஒண்ணு ஊணி வெச்சாத்தான் திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம். நாளிக்கு நான் செத்தா எம் பொண்ணுக்கு யாரு எடுத்துக் குடுப்பாங்க? நீ இருப்பியா?"

அக்கா எழுந்து போய்ப் புதிதாக நட்ட கொடியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்து, உனக்கு அதிரசம் சுடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமலா வந்து நிற்கிறாய் என்று திட்டிக்கொண்டே மஞ்சள் கிழங்கை எடுத்துக் கயிற்றில் முடிந்தார். அந்தத் தீபாவளிக்கு வழக்கம் தெரியாமல் வலது கையை நீட்டி முதல் கயிறு கட்டிக்கொண்டேன். பொம்பளைக்கு இடது கை என்று அக்கா அதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அக்கா போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் பிள்ளைகள் சென்னைக்குப் போய் நோன்பை விட்டுவிட்டார்கள். இப்போது மாஸ்டரும் போய்விட்டார். அவர் வீட்டில் இந்த வருஷம் நோன்பு கிடையாது. அந்த நோன்பு என்று இனி மிச்சம் இருப்பது என் வீட்டில் மட்டும்தான். காரியம் முடிந்த அன்றே எனக்கு இது உறைத்துவிட்டது. எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. இத்தனை வருஷமும் மாஸ்டர் பாகு பார்ப்பார், நான் தட்டுவேன், அவ்வளவுதான். பாகை என் கை தனியாகத் தொட்டதே இல்லை. இந்த முறை நான் விட்டால் கஸ்தூரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டது என்னோடு நின்றுபோகும். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அரிசி ஊறவைத்தேன். மில்லுக்குப் போனேன். பாகு வைத்தேன். கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு உருட்டினேன். உருளவில்லை. மறுபடி விட்டேன். மறுபடியும் இல்லை. அடுப்படியில் நின்று சத்தமாக மாஸ்டரைத் திட்டினேன். நன்றாக மாட்டிவிட்டுப் போனீர் என்று சொன்னேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், அதிலென்ன? அப்புறம் ஒரு சொட்டு விரலுக்கடியில் உருண்டு நின்றது. முதல் ஈடு கொஞ்சம் சிவந்துவிட்டது. ஆனால் பிரியவில்லை.

அமாவாசை அன்று அமுதா வந்தாள். அப்பா இறந்த வருஷம் என்பதால் படையல் பக்கம் வராமல் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கையில் கயிறு இல்லாமல் அவளைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எனக்கும் கட்டிவிட ஆள் இல்லை. ஒரு முனையைப் பல்லால் இழுத்து நானே முடிந்துகொண்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த வருஷம் எனக்கு எடுத்துக் குடுப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அதற்காகத்தானே உன் அப்பா என்னிடம் கொடுத்து வைத்தார் என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் பின்னலைத் தடவிக்கொடுத்தேன்.

மாஸ்டர் நினைவாக உங்களில் பலரிடம் பல பொருள் இருக்கும். அவர் கிள்ளிக் கொடுத்த செடி இல்லாத வீடு நம் தெருவில் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு மஞ்சள் கயிறு, அதுவும் என்னுடையது இல்லை, உரியவளிடம் சேர்க்க வேண்டியது. அவளுக்கு எடுத்துக் கொடுக்கிறவரை நான் இருந்தாக வேண்டும். போன வாரம் டாக்டரிடம் போனேன். பல வருஷமாகத் தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனையெல்லாம் செய்துகொண்டேன். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன், சர்க்கரையைக் குறைத்துவிட்டேன். நான் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போன மனிதர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.